மாரிக்கனி வைத்த பந்திக் கேசட்டுகள்

இராஜபாளையத்தில் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்த ஸ்டுடியோவை மூடும்போது, பழைய கேசட்டுகளைக் குப்பையில் போடச் சொன்னார் முதலாளி. அங்கே வேலை பார்த்த மாரிக்கனி அத்தனையையும் வீட்டுக்கு அள்ளி வந்தாள். கம்ப்யூட்டரில் ஏற்றி, பெண் மாப்பிள்ளை பெயர் எழுதி, கேட்டால் காட்டுவேன் என்று போர்டும் மாட்டினாள். ஒரு ஈ, காக்கை எட்டிப் பார்க்கவில்லை.

வந்த ஒன்றிரண்டு பேரும் தாலி கட்டுவதையா கேட்டார்கள்? "எங்கய்யா பந்தியில சாப்பிட்டுக்கிட்டு இருப்பாக, அதக் காட்டு தாயி" என்றார்கள். ஜென்மத்தில் போட்டோ எடுத்துக்கொள்ளாத ஆளையும் இலைக்கு முன்னால் பிடித்துவிடுமே வீடியோக்காரன் லைட்! இது புத்தியில் எட்டாமல் போச்சே என்று தலையில் அடித்துக்கொண்டு, பந்தியில் உட்கார்ந்தவர்கள் பெயரை விசாரித்து விசாரித்து எழுதி, எல்லாவற்றையும் மாற்றி அடுக்கினாள். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை வந்தால் வாசலில் செருப்பு வைக்க இடமில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் வெள்ளத்தாய் போன் போட்டு, வத்திராயிருப்பில் நடந்த தம்பி பால்சாமி கல்யாணத்தைப் பார்க்கணும் என்றாள். பாவம், அவள் அதற்குப் போகவே இல்லை. பத்திரிகையில் தன் பெயரை விட்டுவிட்டார்கள் என்று அவள் புருஷன் ஏட்டு தங்கப்பாண்டியன், அந்த வீட்டில் பச்சைத்தண்ணிகூடக் குடிக்க மாட்டோம் என்று சபதம் போட்டுவிட்டார். அன்றிலிருந்து அவள் தம்பி வீட்டு வாசலை மிதித்ததில்லை.

மறுநாளே ரிட்டயர்டு ஏட்டையா மூச்சு வாங்க வந்து நின்றார். "தாயி, அந்தக் கேசட்ட அழிச்சிரு. டூட்டின்னு வீட்டுல சொல்லிட்டு... நான் மட்டும் போயிட்டேன்."

மாரிக்கனி ஓட்டிப் பார்த்தாள். முதல் பந்தி. சபதமாவது மண்ணாவது என்று மனுஷன் பாயசத்தை வழித்துக்கொண்டிருந்தார். சிரிப்பை அடக்க அவள் பட்ட பாடு!

"அழிக்கணும்னா கல்யாண வீட்டுக்காரக சொல்லணும்யா. இங்க அதான் ரூல்ஸு." அந்த ரூல்ஸை அந்த நிமிஷம்தான் போட்டாள் கள்ளி. பால்சாமி நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரில் வைத்து, அவர் கையில் திணித்தாள்.

இத்தனை வருஷம் கழித்து மச்சினனிடம் பேச்சு இப்படித்தான் ஆரம்பித்தது: "பால்சாமி, அந்தப் பந்தி வீடியோவ அழிக்கச் சொல்லுப்பா."

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "நீங்க வந்தத நான் அன்னைக்கே பாத்தேன் அத்தான். எங்கக்காவ அனுப்பி வைங்க, பொறவு அழிச்சிருவோம்."

"நானும் வரணுமா?"

"நீங்கதான் சாப்பிட்டுப் போயிட்டியளே. அக்கா இன்னும் சாப்பிடலியே."

மாரிக்கனிக்குச் சிரிப்பு நின்றுபோனது. போனை அவளிடம் நீட்டிவிட்டு, வத்திராயிருப்புக்குக் காலையில் முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று ஏட்டையா கேட்டார்.