பாத்தியில் உடைந்த வளையம்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் சிரித்துவிட்டு எழுந்து போகிற ஆள் நான். வானூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். இந்த மாதிரிக் கதைகளை நம்பினால் வகுப்பில் எந்த முகத்தோடு நிற்பது? அதனால் நீங்களும் தாராளமாகச் சிரிக்கலாம், கோபப்பட மாட்டேன்.

மரக்காணத்தில் என் தங்கை தனம் ஒரு உப்புப் பாத்தியைக் குத்தகைக்கு வைத்திருக்கிறாள். போன மழைக்காலத்தில் மாப்பிள்ளை நெஞ்சுவலி என்று படுத்தவர் எழவில்லை. பிள்ளைகளும் கிடையாது. தனியாக அந்த வெயிலில் கிடந்து சாகிறாளே என்று எனக்கு மனசு ஆறவில்லை. எப்படியாவது வானூருக்குக் கூட்டிவந்துவிட வேண்டும் என்றுதான் அன்று சாயங்காலம் போனேன்.

அப்போதுதான் பாத்திக்குப் புதுத் தண்ணீர் விட்டிருந்தாள். கணுக்காலளவுதான், காற்றே இல்லை, தண்ணீர் அசையாமல் கிடந்தது. நான் வரப்பில் உட்கார்ந்து எவ்வளவோ பேசிப் பார்த்தேன், அவள் உப்பு வாரும் பலகையால் கரையைத் தட்டிக்கொண்டே இருந்தாளே தவிர, திரும்பவே இல்லை. எரிச்சலில் ஒரு மண்ணாங்கட்டியைப் பொறுக்கிப் பாத்திக்குள் எறிந்தேன்.

வளையம் விரிந்தது. நடுப் பாத்திக்குப் போனதும் வெறும் தண்ணீரில் உடைந்தது, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இடத்தில். அங்கிருந்து சின்னச் சின்ன வளையங்கள் என்னை நோக்கித் திரும்பி வந்தன. அலை சும்மா திரும்பாது, வழியில் எதுவோ தடுக்க வேண்டும், இதை வருஷா வருஷம் சொல்லித் தருகிறவன் நான்.

"அடியில மேடு ஏதாவது இருக்கா தனம்?"

"மேடா? சீசனுக்கு முன்னாடி காலாலயே மிதிச்சு மிதிச்சுச் சமம் பண்ண பாத்திண்ணே இது. எப்பவும் அவரும் நானும் சேர்ந்து மிதிப்போம். இந்த வருஷம் நான் ஒருத்தியே மிதிச்சேன்."

நம்பாமல் வேறு பக்கம் போய் நின்று இன்னொன்று எறிந்தேன். அதே இடத்தில் உடைந்தது. அங்கே போய்க் காலால் தடவிப் பார்க்கச் சொன்னேன்.

"ஒண்ணுமில்லண்ணே, வழவழன்னு இருக்குது" என்று அங்கேயே நின்றாள்.

மறுபடி ஒரு கட்டி. நம்பினால் நம்புங்கள், வளையம் நாலு இடத்தில் உடைந்தது. இரண்டு அவள் கால்கள். மற்ற இரண்டும் கொஞ்சம் தள்ளி, நகர்ந்து அவளுக்கு இடம் விட்ட மாதிரி.

என் முகத்தைப் பார்த்து என்னவென்று கேட்டாள். மறைக்கத் தெரியாமல் கண்டதைச் சொல்லிவிட்டேன். அலறுவாள் என்று நினைத்தேன். தண்ணீரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"எந்தப் பக்கம்ண்ணே?"

"உனக்கு இடது பக்கம்."

பலகையை வலது கைக்கு மாற்றிக்கொண்டு, இடது கையைச் சும்மா தொங்கவிட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. வானூர்ப் பேச்சை அதற்கு மேல் எடுக்கவில்லை.

உப்பின் அடர்த்தி, சூடு, கண்ணின் ஏமாற்று, எல்லாம் யோசித்துப் பார்த்துவிட்டேன், எதுவும் ஒட்டவில்லை. தனம் அதே பாத்தியில்தான் வேலை செய்கிறாள், முன்னைவிடத் தெம்பாக. போனில் மட்டும் அடிக்கடி கேட்கிறாள், "ஒருவாட்டி வந்து கட்டி போட்டுப் பாருண்ணே, நான் போட்டா எனக்கு ஒண்ணும் புரிய மாட்டேங்குது."

இன்றுவரை போகவில்லை. அவர் அங்கே நின்றால் பரவாயில்லை. வளையம் எங்கேயும் உடையாமல் நேராகப் போய் எதிர்வரப்பில் முட்டினால், அவளிடம் நான் என்ன சொல்வது?