வழிமொழிய ஆளில்லாத தீர்மானம்

அறுபத்துநான்காம் வருஷம் அக்டோபரில், அறுவடை முடிந்த இரண்டாவது வாரம், ஹார்பெக் ஊர்க் கூடத்தில் கட்சிக் கிளையின் வருடாந்திரக் கூட்டம் நடந்தது. தோரா ஹெக்லாந்து முன்கூட்டியே போய் நாற்பது நாற்காலிகளை விரித்துப் போட்டு, எண்ணெய் அடுப்பை மூட்டி, பெரிய பாத்திரத்தில் காபி வைத்திருந்தாள். வந்தவர்கள் பதினோரு பேர், அவளையும் சேர்த்து. கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணத்தை இருபது வருஷம் ஆண்ட கட்சி ஏப்ரலில் தோற்றுப்போயிருந்தது. தோற்ற கட்சியின் கூட்டத்துக்கு வருகிறவன் ஒன்று உண்மையான விசுவாசியாக இருக்க வேண்டும், இல்லை அறுவடைக்குப் பிறகு பொழுது போகாதவனாக இருக்க வேண்டும். இரண்டு வகையிலும் ஆட்கள் குறைந்துபோயிருந்தார்கள்.

தோராவுக்கு அறுபத்தொரு வயது. கிளைக்கு அவள்தான் செயலாளர். அவள் புருஷன் ஆர்விட் தலைவர். வீட்டில் இருவரும் ஒருவரையொருவர் நீ, வா, போ என்றுதான் பேசிக்கொள்வார்கள். கூட்டத்தில் மட்டும் அவன் அவளை "செயலாளர் அவர்களே" என்பான், அவள் அவனைத் "தலைவரே" என்பாள். கூட்ட விதிகள் அந்த ஊர்க்காரர்களுக்கு அப்படி ரத்தத்தில் ஊறியவை. நாலு விவசாயிகள் மழைக்கு ஒரு கொட்டகையில் ஒதுங்கினால்கூட, ஒருவனைத் தலைவனாகத் தேர்ந்தெடுத்துவிட்டுத்தான் மழையைத் திட்டுவார்கள்.

அவள் அரசியலுக்கு வந்தது இந்தக் கட்சி பிறப்பதற்கு முன்னாலேயே. இருபத்தொன்றாம் வருஷத் தேர்தலில் கிழக்கத்திய வங்கிக்காரர்களையும் ரயில்காரர்களையும் எதிர்த்து விவசாயிகள் தனியாக நின்றபோது அவளுக்குப் பதினெட்டு வயது, இருபத்தொன்று ஆகாததால் ஓட்டுரிமை இல்லை. ஆனால் உறைகளில் முகவரி எழுதக் கை இருந்தது. பிறகு பள்ளிக்கூடத்து ஆசிரியை ஆனாள். கோதுமையை எல்லோரும் சேர்ந்து விற்போம் என்று இருபத்துநான்கில் ஒரு இயக்கம் கிளம்பியபோது, சனிக்கிழமைகளில் குதிரை வண்டி கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினாள். அப்படி ஒரு வீட்டில்தான் ஆர்விட் கையெழுத்துப் போட்டான். போட்டுவிட்டு, "அடுத்த சனிக்கிழமையும் வருவீங்களா?" என்று கேட்டான். வந்தாள். கல்யாணமான பெண்ணுக்குப் பள்ளியில் வேலை கிடையாது என்பதால் இருபத்தாறோடு சுண்ணக்கட்டி போயிற்று, பால் வாளி வந்தது.

முப்பதுகளில் மழை பொய்த்தது. புழுதி கதவிடுக்கில் நுழைந்து ரொட்டி மாவில் கலந்தது. அந்த முப்பத்துமூன்றில்தான் சி.சி.எஃப். என்ற புதுக்கட்சிக்காரர்கள் தலைநகர் ரெஜினாவில் கூடித் தங்கள் கொள்கையை எழுதினார்கள். பக்கத்து வீட்டு லாரியில் தொற்றிக்கொண்டு ஆர்விட்டும் போனான். நாலு நாள் கழித்துத் தொண்டை கட்டிப்போய் வந்து நின்றான்.

"தோரா, இனிமே ஒருத்தன் உழைப்பு இன்னொருத்தன் பைக்குப் போகாது. பாடுபடுறவனுக்குத்தான் பங்கு. எழுதியே வெச்சுட்டோம்."

"நல்லது. இந்த நாலு நாளும் மாட்டுக்குத் தண்ணி காட்டினது யாருன்னு அதுல எழுதியிருக்கா?"

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அவளும் சிரித்தாள். அப்போது சிரிக்க முடிந்தது. நாற்பத்துநான்கில் கட்சி ஜெயித்த அன்று இருவரும் இதே கூடத்தில் விடியும் வரை ஆடினார்கள். அறுபத்தொன்றில் கட்சி தொழிற்சங்கங்களோடு சேர்ந்து பெயரை மாற்றிக்கொண்டபோது, பழைய பெயரை நடவடிக்கைப் புத்தகத்தில் அடித்துப் புதுப் பெயரை எழுதினவள் அவள்தான். அதற்கடுத்த வருஷம் எல்லோருக்கும் அரசாங்கமே வைத்தியச் செலவைக் கொடுக்கும் என்ற சட்டம் வந்து, டாக்டர்கள் வேலையை நிறுத்தி, ஊரே இரண்டாகப் பிளந்தபோது, முப்பது வருஷம் பழகினவர்கள் கடையில் அவளைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அதையும் பொறுத்துக்கொண்டாள். நியாயத்துக்காகப் பொறுக்கிறோம் என்ற எண்ணம் இருந்தது.

கட்சியிடம் அவள் தனக்கென்று கேட்டது ஒன்றே ஒன்று. பண்ணையில் சேர்ந்து உழைக்கும் மனைவியின் பெயரும் நிலப் பத்திரத்தில் சேர வேண்டும், அதற்கு ஒரு சட்டம் வேண்டும். நாற்பத்தாறில் முதல் தடவை இந்தத் தீர்மானத்தைக் கிளையில் முன்மொழிந்தாள். பக்கத்துப் பண்ணை ஏடா பிரிச்சர்ட் வழிமொழிந்தாள். எல்லோரும் கை தூக்கினார்கள், ஆர்விட்டும் தூக்கினான். தீர்மானம் தொகுதிக் குழுவுக்குப் போயிற்று. அங்கிருந்து, "ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது" என்று ஒரு கடிதம் வந்தது. அடுத்த வருஷமும் அதே தீர்மானம், அதே கடிதம். ஒரு தடவை, ஆய்வு செய்கிறவர்கள் யார் என்று எழுதிக் கேட்டாள். அந்தக் கேள்வியும் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. இப்படிப் பதினெட்டு வருஷம்.

இந்த வருஷம் விஷயம் வேறு. ஆர்விட்டுக்கு அறுபத்தாறு ஆகிவிட்டது, முதுகு வளைய மறுக்கிறது. நிலம் முழுவதையும் மகன் ஐனார் பெயருக்கு எழுதிவிடுவது என்று அவனாகவே முடிவு செய்துவிட்டான். நூற்றறுபது ஏக்கர் வீதம் நான்கு துண்டு, நான்கும் ஆர்விட் ஒருவன் பெயரில். வருகிற வியாழக்கிழமை வக்கீலிடம் கையெழுத்து. எழுதுவதற்கு முன்னால் தன் பெயரையும் சேர்க்கச் சொல்லி தோரா கோடை முழுவதும் கேட்டாள்.

"பேர்ல என்ன இருக்கு? எல்லாம் நம்மளதுதானே?" என்றான் அவன், ஒவ்வொரு தடவையும்.

ஐனார் நல்ல பிள்ளைதான். ஏடா பிரிச்சர்ட்டின் பிள்ளையும் நல்ல பிள்ளைதான். போன குளிர்காலத்தில் அப்பா இறந்து நிலம் தன் பெயருக்கு வந்ததும், அதை விற்றுவிட்டு நகரத்துக்குப் போய்விட்டான். ஏடா இப்போது மேற்குக் கடற்கரையில், விக்டோரியாவில் மகள் வீட்டில், பேத்தியோடு ஒரே அறையில் இருக்கிறாள். "எனக்குன்னு ஒரு இழுப்பறை ஒதுக்கிக் குடுத்திருக்காங்க தோரா, மேல் இழுப்பறை" என்று எழுதியிருந்தாள். குறை சொல்லி எழுதவில்லை. குறை சொல்லாமல் எழுதியிருந்ததுதான் தோராவைத் தூங்கவிடவில்லை.

கூட்டத்தில் தேர்தல் தோல்வியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்கள். பிறகு தோரா எழுந்து நின்றாள்.

"ஆரம்பிச்சாச்சு!" என்றான் கோர்டி ஸ்பென்ஸ். கிளை தொடங்கின நாளிலிருந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து கிண்டல் செய்கிறவன். "இது வரலேன்னா எனக்குக் கூட்டம் முடிஞ்ச மாதிரியே இருக்காதும்மா."

தீர்மானத்தை வாசித்தாள். மனப்பாடம்தான், இருந்தாலும் தாளைப் பார்த்தே வாசித்தாள்.

"முன்மொழியப்பட்டது," என்றான் ஆர்விட். "வழிமொழியறது யாரு?"

பதினேழு, பதினெட்டு தடவை விளையாட்டுப் போல் தூக்கின கைகள் மடியில் கிடந்தன. வியாழக்கிழமை என்ன நடக்கப்போகிறது என்று ஊருக்கே தெரியும். இன்றைக்கு வழிமொழிந்தால் அது தலைவரின் முகத்தில் அடிப்பது போல ஆகிவிடும். கோர்டி காபிக் கோப்பைக்குள் எதையோ தேடினான். அவன் மனைவி மேபல் புருஷனைப் பார்த்தாள், பிறகு கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட ஆரம்பித்தாள். தோராவுக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. மேபல் பெயரிலும் ஒரு பிடி மண் கிடையாது.

"தலைவரே," என்றாள் தோரா. "தலைவர் நாற்காலிய வேற ஒருத்தர்கிட்ட குடுத்துட்டு நீங்களே வழிமொழியலாம். விதியில இடம் இருக்கு."

ஆர்விட்டின் காது சிவந்தது. "விதியில இடம் இருக்கு, செயலாளர் அவர்களே. ஆனா இதுல எனக்குச் சொந்த சம்பந்தம் இருக்கு. அதனால நான் தலையிடறது முறையில்ல."

முறையாகத்தான் பேசினான். அவன் வாழ்நாளில் முறை தவறியதே இல்லை. வேண்டாம் என்று நேராகச் சொல்லியிருந்தால்கூட அவள் சண்டை போட்டிருப்பாள்.

"வழிமொழிய ஆளில்லாததால தீர்மானம் விழுந்தது. அடுத்த விஷயம்." மரச்சுத்தியால் மேசையில் ஒரு தட்டு தட்டினான்.

தோரா உட்கார்ந்து பேனாவை எடுத்தாள். நடந்ததை எழுதுவது செயலாளரின் வேலை. வழிமொழிய ஆளில்லாததால் தீர்மானம் விழுந்தது என்று, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த அதே வட்டமான கையெழுத்தில், ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதினாள். அதற்குப் பிறகு முட்டை சாண்ட்விச் பரிமாறினாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது வெயில் இன்னும் இருந்தது.

"பத்து பேர் முன்னால என்னைச் சங்கடத்துல மாட்டிவிட்டுட்டே," என்றான் ஆர்விட்.

"வழிமொழின்னுதான் சொன்னேன்."

"கட்சியே படுத்துக்கிடக்கு. இந்த நேரத்துல இதுதான் முக்கியமா உனக்கு?"

"கட்சி ஜெயிச்சிருந்தப்பவும் கேட்டேன், ஆர்விட். அப்ப, ஜெயிச்ச நேரத்துல இது எதுக்குன்னே."

"நான் உன்னைத் தெருவுல விட்டுடுவேனா? ஐனார் விட்டுடுவானா?"

"விடமாட்டீங்க. மேல் இழுப்பறை குடுப்பீங்க."

அவனுக்குப் புரியவில்லை. விளக்கிச் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை. கோபமாக இருந்தால் நன்றாக இருந்திருக்கும். அலுப்புதான் இருந்தது, எலும்பு வரைக்கும்.

வியாழக்கிழமை டவுனுக்குப் போனார்கள். வக்கீல் எல்லாத் தாள்களையும் தயாராக வைத்திருந்தார். மூன்று துண்டு நிலத்துக்கு ஆர்விட்டின் கையெழுத்தே போதும். வீடும் களஞ்சியமும் இருக்கும் நான்காவது துண்டுக்கு மட்டும் மனைவியின் சம்மதம் வேண்டும் என்று ஒரு பழைய சட்டம் இருந்தது. அந்தச் சம்மதத்தை, பத்திரம் எழுதின வக்கீல் வாங்கக்கூடாது, வேறொருவர்தான் வாங்க வேண்டும்.

"எதிர்த்தாப்ல கேத்கார்ட்கிட்ட போங்க. அஞ்சு நிமிஷ வேலை. இந்த நாலும் ஒரே கட்டாத்தான் பதிவுக்குப் போகும், அதனால முடிச்சுட்டு வந்துடுங்க," என்றார் வக்கீல்.

கேத்கார்ட் ஆலங்கட்டி மழைக்குக் காப்பீடு விற்கிறவர், நோட்டரி. லிபரல் கட்சிக்கு முப்பது வருஷமாக இந்தப் பக்கத்தில் ஓட்டுச் சேர்ப்பவர். ஏப்ரலில் ஜெயித்த தெம்பு இன்னும் முகத்தில் இருந்தது. தோராவோடு சேர்ந்து ஆர்விட்டும் உள்ளே நுழைந்து, பழக்கத்தில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு உட்காரப் போனான்.

"நீ வெளிய நில்லு, ஆர்விட்."

"முப்பத்தெட்டு வருஷமா என் பொண்டாட்டிய்யா இவ."

"அதனாலதான் வெளிய நிக்கச் சொல்லுது சட்டம். நான் போட்ட சட்டமில்ல, என்னை முறைக்காதே."

ஆர்விட் வெளியே போனான். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவன் முதுகு தெரிந்தது. கேத்கார்ட் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தாளில் தேதியை எழுதியபடியே, ஆயிரம் தடவை கேட்ட கேள்வியைக் கேட்டார்.

"தோரா ஹெக்லாந்து, இந்த இடத்துல உங்களுக்கு இருக்கிற உரிமை என்னன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அத விட்டுக்குடுக்க, புருஷனோட கட்டாயம் எதுவும் இல்லாம, உங்க சொந்த இஷ்டத்துல சம்மதிக்கிறீங்களா?"

இப்படி ஒரு கேள்வியை அவளிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. தோழர்கள் கேட்கவில்லை, தொகுதிக் குழு கேட்கவில்லை, ரெஜினாவிலிருந்து தொண்டை கட்டி வந்தவன் கேட்கவில்லை. கடைசியில் கேட்பது ஒரு லிபரல்காரர், அதுவும் தலையைக்கூட நிமிர்த்தாமல். அவளுக்கு அவமானமாக இருந்தது. அழுகை வரும் போல இருந்தது, வரவில்லை.

"இல்லை," என்றாள்.

பேனா நின்றது. கேத்கார்ட் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன சொன்னீங்க?"

"சம்மதம் இல்லை. என் பேரும் சேரட்டும், அப்புறம் ஐனாருக்கு ரெண்டு பேருமாக் குடுக்கறோம். அதுவரைக்கும் இல்லை."

கேத்கார்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆர்விட் ஹெக்லாந்தை மட்டம் தட்ட முப்பது வருஷமாகக் காத்திருந்த மனிதர் அவர். ஆனாலும் அவர் முகத்தில் சந்தோஷம் தெரியவில்லை.

"நீங்க இல்லைன்னா நான் இதுல கையெழுத்துப் போட முடியாது, தோரா. இன்னைக்கு எதுவுமே நடக்காது. தெரியும்தானே?"

"தெரியும்."

"அவன்கிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"நீங்களே சொல்லுங்க," என்றாள் தோரா. "எனக்குச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு."

கேத்கார்ட் எழுந்து போய்க் கதவைத் திறந்து, "உள்ள வா, ஆர்விட்," என்றார். தோரா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.