இருபத்திரண்டு நிமிட நாதஸ்வரம்

எங்கள் குழுவில் ஸ்டுடியோவில் பதிவான எதற்கும் இடமில்லை. கச்சேரியில் நேரடியாகப் பதிவானதாக இருக்க வேண்டும். நடுவில் யாராவது இருமியிருக்க வேண்டும், சோடா பாட்டில் உருண்டிருக்க வேண்டும், வித்வான் மைக்காரனை ஒரு வார்த்தையாவது ஏசியிருக்க வேண்டும். தினமும் ஒருவர் காலையில் அப்படி ஒன்றை வாட்ஸ்அப்பில் போடுவார். மற்ற மூவரும் பொழுது சாய்வதற்குள் கேட்டு ஒரு வரி எழுத வேண்டும். ‘அருமை’, ‘பிரமாதம்’ எல்லாம் செல்லாது. எந்த இடத்தில் என்ன கேட்டது என்று எழுத வேண்டும். இந்தச் சட்டத்தைப் போட்டவர் அண்ணாச்சி.

மேலகரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நான், புளியங்குடியில் எலுமிச்சை மண்டி வைத்திருக்கும் ஒருவன், தென்காசியில் பிறந்து பெங்களூரில் வேலை பார்க்கும் ஒருவன், அப்புறம் அண்ணாச்சி. இவ்வளவுதான் குழு. அண்ணாச்சி பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் முப்பது வருடம் காய்கறி ஏலம் கூவியவர். எங்களைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். நாக்கு சுத்தமான தேள்கொடுக்கு.

எனக்கு உயிரான ஒரு கச்சேரியை நான் முதன்முதலாகப் போட்டபோது, ‘கல்யாண வீட்டுல பந்தி நடக்கும்போது போடலாம், எலை எடுக்குத சத்தத்துல கேக்காது’ என்று எழுதினார். அதைக்கூட விட்டுவிடலாம். ஒரு சீசனில் குற்றாலத்தில் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு டீக்கடையில் நின்றோம். என் மகளும் புது மருமகனும் உடன் இருந்தார்கள். கடையில் ஓடிய பாட்டுக்கு நான் ராகத்தைத் தப்பாகச் சொல்லிவிட்டேன்.

"ஏலே, ஒன் ரெண்டு காதும் கடுக்கன் போடத்தாம்லே லாயக்கு. இனிமே ராகம் கீகம்னு வாயத் தொறக்காத" என்றார் அண்ணாச்சி.

டீ ஆற்றியவன் முதற்கொண்டு எல்லோரும் சிரித்தார்கள். மருமகன் சிரிப்பை அடக்கப் பார்த்தானே, அதுதான் எனக்கு ரொம்ப எரிந்தது. நான் எதையும் மறக்கிற ஆள் இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன்பு அவருடைய வரிகள் மாற ஆரம்பித்தன. சட்டம் போட்டவரே ‘தெய்வீகம்’ என்று எழுதினார். ஒருநாள் தனி வீணைக் கச்சேரி ஒன்றைப் போட்டேன். வயலின்காரர் பதிலுக்குப் பதில் கொடுத்திருக்கிறார் என்று எழுதினார். அந்த வாரமே கடைக்கு வந்தவரை முதுகுக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டுப் பார்த்தேன். திரும்பவில்லை. ஜெராக்ஸ் மிஷினை நிறுத்திவிட்டு இன்னொரு தடவை கூப்பிட்டேன். அப்போதும் திரும்பவில்லை. முப்பது வருட ஏலச் சத்தம் காதைத் தின்றுவிட்டிருந்தது. எனக்குப் பரிதாபம் வரவில்லை. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, சந்தோஷம்தான் வந்தது.

மற்ற இருவரிடமும் சொன்னேன். அவரைச் சேர்க்காமல் மூன்று பேருக்கு மட்டும் இன்னொரு குழு தொடங்கினோம். அவர் எழுதும் வரிகளை அதில் போட்டுச் சிரிப்பதுதான் அதன் வேலை. அவர்களுக்கும் அவர் மேல் பாக்கி இருந்தது. எலுமிச்சை மண்டிக்காரனின் மனைவி பாடியதை அவர் ஆட்டுச் சந்தையோடு ஒப்பிட்டிருந்தார்.

எங்கள் நால்வருக்கும் பொதுவாகப் பிடித்த கச்சேரி என்று ஒன்று உண்டு. தென்காசி பெரிய கோயிலில் திருவிழாச் சமயம். நாதஸ்வரம் நடந்துகொண்டிருக்கும்போது மழை பிடித்து, கரண்ட் போய், மைக் செத்துவிட்டது. வித்வான் எழுந்து ஜனங்களுக்கு நடுவே வந்து நின்று வாசித்தார். கோபுர வாசல் காற்றில் தூறல் உள்ளே அடித்தது, ஒருவரும் நகரவில்லை. அப்போது எங்கள் யார் கையிலும் செல்போன் கிடையாது. யாராவது டேப்பில் பிடித்திருக்க மாட்டார்களா என்று அண்ணாச்சி வருடக்கணக்காக விசாரித்துக்கொண்டே இருந்தார்.

கடைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து இருபத்திரண்டு நிமிடத்துக்கு ஒரு ஃபைல் தயார் செய்தேன். உள்ளே ஒன்றுமே கிடையாது, இரைச்சல்கூடக் கிடையாது. ‘பெரிய கோயில், கரண்ட் போன கச்சேரி, ஒரு வீட்டுப் பழைய கேசட்டில் கிடைத்தது’ என்று எழுதிப் போட்டேன். சாயங்காலம் அவருடைய பதில் வந்தது. ஒரு வரி இல்லை, ஒரு பக்கம். வித்வான் எழுந்து நிற்கும்போது மூச்சு வாங்குவது, தவில்காரர் கையை இறக்கி மெதுவாக வாசிப்பது, பல்லவியை மூன்றாம் முறை எடுக்கும்போது ஒரு பிள்ளை அழுவது. எல்லாம் இதில் அப்படியே இருக்கிறது, அழுதுவிட்டேன் என்று எழுதியிருந்தார்.

மூன்று பேர் குழுவில் அன்று ராத்திரி வரை சிரிப்புதான். மறுநாள் கடையில் தனியாக இருக்கும்போதும் நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

இரண்டு வாரம் அவர் குழுப் பக்கம் வரவில்லை. விஷயம் தெரிந்துவிட்டதோ என்று கொஞ்சம் பயந்தேன். மூன்றாவது வாரம் சாரலில் நனைந்துகொண்டே கடைக்கு வந்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து மேஜையில் வைத்தார். காதில் மிஷின் மாட்டியிருந்தார்.

"ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும்லே. ரெண்டு வருசமா நீங்க போடுதது எதுவும் எனக்குக் கேக்கல. எல்லாம் ஞாபகத்துல இருந்தும் குத்துமதிப்பாவும் எழுதினதுதான்" என்றார்.

எனக்குத் தெரியாதது மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

"மிஷின் வைங்கன்னு எம்மவன் எப்பவும் நச்சரிப்பான். கெழட்டுப் பட்டம் வேண்டாம்னு இருந்தேன். நீ அந்தக் கச்சேரியப் போட்டப்பறந்தான் திருநெல்வேலிக்குப் போனேன். அத ஒரு தடவ நெசமாக் கேக்கணும்லா."

"கேட்டீங்களா அண்ணாச்சி?"

"மத்ததெல்லாம் கேக்குது. பஸ் ஆரன் கேக்குது, ஒங்க மைனி ஏசுதது கேக்குது. பாட்டு மட்டும் தகரத்த உருட்டுத மாதிரி வருது. போகப் போகப் பழகிரும்னு டாக்டர் சொல்லுதாரு. ஆனா இந்தக் கச்சேரி மட்டும் தகரமாக்கூட வர மாட்டேங்கு. ஒண்ணுமே இல்ல. நீ கேட்டுச் சொல்லு, ஃபைலு சரியா இருக்கான்னு."

போனில் அதை ஓடவிட்டு என் கையில் கொடுத்தார். அந்த நேரத்தில் உண்மையைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். வாயைத் திறந்தேன். எதிரே நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். போனைக் காதில் வைத்துக்கொண்டு தலையை ஆட்டினேன்.

"இப்ப எங்க போகுது?"

"எந்திரிச்சு நிக்காரு" என்றேன்.

"அப்பறம்?"

அவர் எழுதியதிலிருந்தே எடுத்து அவருக்குச் சொன்னேன். மூச்சு வாங்குகிறார் என்றேன், தவில் இறங்குகிறது என்றேன். சும்மா நிற்க முடியாமல் தொடையில் தாளமும் போட்டேன். என் கையைப் பார்த்து அவரும் மேஜையில் போட ஆரம்பித்தார். நாலு ஆவர்த்தனத்தில் நிறுத்திவிட்டார்.

"ஏலே, அங்கன சாப்புத் தாளம்லா. நீ ஆதி போட்டுக்கிட்டு இருக்க. ஒனக்கு என்னைக்குத்தான் தாளம் நின்னுச்சு" என்று சிரித்தார். கோபமாகவே சொல்லவில்லை.

ஜெராக்ஸுக்கு ஒரு அம்மாள் ஆதார் கார்டோடு வந்து நின்றாள். நான் போனைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் மிஷினைக் கழற்றித் துடைத்து டப்பாவில் வைத்தார்.

"அப்ப ஃபைலு சரி. காதுதான் போச்சு. நாளைக்குள்ள கொண்டு குடுத்தா எடுத்துக்கிடுவாங்க. நீ என்ன சொல்லுத? வச்சுப் பழகிப் பாக்கட்டுமா, திருப்பிக் குடுத்துரட்டுமா?"

அன்று மூளை தெளிவாகத்தான் வேலை செய்தது. மிஷின் பழகிவிட்டால் எல்லாப் பாட்டும் கேட்கும், இது மட்டும் கேட்காது. ஏன் என்று அவருக்கு ஒருநாள் தெரிந்துவிடும். ஊர் முழுக்கச் சொல்லிவிடுவார், என் மருமகனிடமும் சொல்வார்.

"திருப்பிக் குடுத்துருங்க அண்ணாச்சி. வேஸ்ட்" என்றேன், அவருக்குக் கேட்கும்படி சத்தமாக.

டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு போனார். அன்றைக்கே குழுவிலிருந்தும் விலகினார். ‘எனக்கு இனி அனுப்ப வேண்டாம், நீங்க கேளுங்க’ என்று எழுதியிருந்தார். மற்ற இருவரும் மூன்று பேர் குழுவில் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டு ஆளுக்கொரு சாக்குச் சொல்லி ஒதுங்கிவிட்டார்கள். எங்களுக்குள் இப்போது யாரும் எதையும் அனுப்புவதில்லை.

சீசன் முடியும் தறுவாயில் ஒருநாள் குற்றாலத்தில் அண்ணாச்சியின் மனைவி, எங்கள் மைனியைப் பார்த்தேன். அண்ணாச்சி அருவியில் நின்றுகொண்டிருந்தார். மைனி துண்டும் மாற்று வேட்டியுமாகப் படிக்கட்டில் நின்றார்.

"நல்லா இருக்கீகளா தம்பி? அவுக இப்ப யார்ட்டயும் பேசுததே கெடையாது. கூப்பிட்டாலும் கேக்காது. சும்மாவே உக்காந்திருக்காக" என்றார்.

மைனி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மேலும் சொன்னார்.

"பாட்டு சரியா வரலன்னு அந்த மிஷினத் திருப்பிக் குடுக்கணும்னு நின்னாக. பழகிரும்னு பிள்ள சொல்லியும் கேக்கல. டாக்டர் சொல்லியும் நம்பல. நீங்க ஒரு வார்த்தை சொன்னாத்தான் கேப்பாகன்னு நான்தான் ஒங்க கடைக்குப் போகச் சொன்னேன். வேண்டாம்னு நீங்களே சொல்லிட்டீகளாமே?"

"ஆமா மைனி" என்றேன். "அது அண்ணாச்சிக்கு ஒத்துக்கிடாது."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் மைனி.