இடது கதவின் சாவி

எங்கள் வண்டிக்கு வெளியிலிருந்து பூட்டக்கூடிய கதவு ஒன்றே ஒன்றுதான். அது இடது கதவு. பழைய அமெரிக்கப் பிக்கப். யாரோ ஒரு தோட்டத் துரையின் வண்டி ஏலத்துக்கு வந்தபோது என் மாமனார் எடுத்தது. அந்தக் காலத்துப் பிக்கப்களில் சாவித் துவாரம் ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கும். டிரைவர் தன் பக்கத்துக் கதவை உள்ளேயே பூட்டிவிட்டு, சீட்டில் நகர்ந்து, நடைபாதைப் பக்கமாக இறங்கி, அந்தக் கதவைச் சாவி போட்டுப் பூட்ட வேண்டும் என்பது வண்டி செய்தவர்களின் எண்ணம். நடைபாதையே இல்லாத எங்கள் ஊரிலும் வண்டி அந்த எண்ணத்தை விடவில்லை.

உள்ளே பூட்டுவதற்குத் தனியாகக் குமிழ் எதுவும் கிடையாது. கைப்பிடியை முன்னால் தள்ளினால் பூட்டிக்கொள்ளும், பின்னால் இழுத்தால் திறக்கும். எஞ்சினைக் கிளப்பவும் சாவி வேண்டாம். அந்தச் சாவி என் கல்யாணத்துக்கு முன்பே தொலைந்துபோய், அது இருந்த இடத்தில் வீட்டு லைட்டுக்குப் போடுவது போல ஒரு சுவிட்சைப் பொருத்தியிருந்தார்கள். ஆகவே இடது கதவைப் பூட்டாமல் விட்டால் யார் வேண்டுமானாலும் ஏறி உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு போகலாம்.

நாங்கள் தாமிரபரணிக் கரையில் நெல்லும் வாழையும் போடுகிற குடும்பம். என் வீட்டுக்காரர் வாரத்தில் மூன்று நாள் வாழை இலைக்கட்டுகளை ஏற்றிக்கொண்டு தூத்துக்குடிக்குப் போவார். வெறும் வண்டியாகத் திரும்பக் கூடாது என்று உப்பளத்திலிருந்து உப்பு மூட்டை ஏற்றி வருவார். உப்பு தின்றது போக மிச்சம்தான் அந்த வண்டி. கதவுக்கு அடியில் கையை விட்டால் துரு அப்பளம் போல உதிரும்.

எழுபதுகளின் நடுவில் நான் அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனேன். ஆசிரியப் பயிற்சி முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிந்திருந்தேன். பெண் பார்க்க வந்தபோதே அப்பா அதைச் சொன்னார். வேலை வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று மாமியார் பெருந்தன்மையாகத் தலையாட்டினார். வராது என்ற தைரியத்தில் ஆட்டிய தலை அது என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

கல்யாணமாகி ஆறு மாதத்தில் வலது கதவின் உள்கைப்பிடி ஒடிந்தது. கதவு பூட்டியிருந்த நிலையில் அடியோடு ஒடிந்துவிட்டதால் உள்ளிருந்தும் திறக்க முடியவில்லை, வெளியிலிருந்தும் முடியவில்லை. கண்ணாடியும் பாதி ஏறிய நிலையில் துருப்பிடித்து நின்றுவிட்டது. ஜன்னல் வழியாக இறங்கலாம் என்று இவர் ஒருநாள் முயன்று, வேட்டி மாட்டிக்கொண்டு பாதியில் தொங்கியதைத் தெருவே பார்த்தது. தூத்துக்குடி திரேஸ்புரத்தில் எங்கள் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக், அந்தக் கைப்பிடி இங்கே கிடைக்காது, மதுரையில் பழைய வண்டி உடைக்கிற இடத்தில் சொல்லி வைக்கிறேன் என்றார். அதுவரை டிரைவரும் இடது பக்கமாகவே ஏறி இறங்குவது என்று ஆயிற்று.

அடுத்த மாதமே இடது கதவும் தன் பங்குக்கு மக்கர் செய்தது. பூட்டு உள்ளுக்குள் தேய்ந்திருக்க வேண்டும். இவர் பொறுமையில்லாமல் திருகியதில் சாவி பாதியில் ஒடிந்தது. மெக்கானிக் ஒடிந்த துண்டை எடுத்துவிட்டு, பித்தளையில் புதிதாக ஒன்றை அரத்தால் ராவிக் கொடுத்தார். அந்தச் சாவியோடு இவர் வீட்டு வாசலில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, நான் போய் வாங்கிப் போட்டுப் பார்த்தேன். திரும்பிவிட்டது. இடது கையால் கதவின் கைப்பிடியை லேசாக மேலே தூக்க வேண்டும். சாவியை முழுக்க நுழைக்காமல் ஒரு நெல்மணி அளவு வெளியே விட வேண்டும். முதலில் பின்பக்கமாக ஒரு நூல் திருப்பி, பிறகுதான் முன்பக்கம் திருப்ப வேண்டும். இவருக்குப் பலமுறை சொல்லிக் கொடுத்தேன். அவர் கைக்கு அது வரவில்லை. சாவி என் இடுப்புச் சாவிக்கொத்தோடு சேர்ந்தது.

அன்றிலிருந்து தூத்துக்குடிக்கு நானும் கூடப் போக வேண்டியிருந்தது. வீட்டுப் பெண் லோடு வண்டியில் ஏறிச் சந்தைக்குப் போவதாவது என்று மாமியார் முகம் சுளித்தார். இவர் ஒரே பதில்தான் சொன்னார்:

“கதவு பூட்டணும்லாம்மா.”

மாமியாரும் ஒருநாள் அந்தச் சாவியை வாங்கிப் பூட்டிப் பார்த்துத் தோற்றவர்தான். அதனால் பிறகு தடுக்கவில்லை.

சந்தையில் வண்டி நின்றதும் முதலில் நான் இறங்குவேன். பின்னாலேயே அவர் நகர்ந்து வந்து இறங்குவார். நான் பூட்டுவேன். அவர் இலைக்கட்டைச் சுமந்து போக, நான் வண்டிக்குப் பின்னால் நின்று கட்டுகளை எண்ணுவேன். எனக்கு அது ஒன்றும் பெருமையாக இல்லை. பயிற்சிப் பள்ளியில் முதல் வகுப்பில் தேறியவள் இலைக்கட்டுக்குக் காவல் நிற்கிறாளே என்று பல நாள் அந்த இரண்டு கதவுகளையும் மனசாரத் திட்டியிருக்கிறேன்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். வீட்டில் எட்டுப் பேர். அங்கே இவர் என்னிடம் பேசுவது, தண்ணீர் கொண்டா, துண்டை எடு என்பதோடு சரி. வண்டி ஊர் எல்லையைத் தாண்டியதும் ஆள் மாறிவிடுவார். எட்டாம் வகுப்பில் படிப்பை விட்ட கதை, வாழைக்கு நோய் விழுந்த கதை, எதிரே வருகிற பஸ் டிரைவரைப் பற்றிய நையாண்டி என்று வாய் ஓயாது. மனிதருக்கு ஸ்டியரிங்கைப் பிடித்தால்தான் பேச்சு வரும்போல என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

இப்படி இரண்டு வருடம் ஓடியபின் எனக்கு ஆர்டர் வந்தது. தூத்துக்குடிக்கு வடக்கே, கீழவைப்பார் தொடக்கப் பள்ளியில் வேலை. பதினைந்து நாளுக்குள் போய்ச் சேர வேண்டும், இல்லையென்றால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். எங்கள் ஊரிலிருந்து தினமும் போய்வர முடியாத தூரம். வாரம் முழுக்க அங்கேயே தங்கி, சனிக்கிழமை வர வேண்டும். மாமியார், நான் என்ன சொல்ல, அவன்தான் சொல்லணும் என்று மகன் பக்கம் கையைக் காட்டினார். மகனோ பிடி கொடுக்கவில்லை. நான் பேச்சை எடுத்தால் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போவார். மறுபடி எடுத்தால் வரப்பைப் பார்க்கப் போவார். வேண்டாம் என்று சொல்லியிருந்தாலாவது சண்டை போட்டிருப்பேன். அந்த இரண்டு வாரமும் வண்டியிலும் வாயைத் திறக்கவில்லை. ஒவ்வொரு நாளும் ஆர்டரை எடுத்துத் தேதியைப் பார்த்து வைத்தேன். இந்த ஆர்டர் போனால் இன்னொன்று வரும் என்பதற்கு எந்த உறுதியும் கிடையாது.

பதினைந்தாம் நாள் வெள்ளிக்கிழமை, லோடு நாள். சான்றிதழ்களை ஒரு மஞ்சள் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறினேன். அவர் பையை ஒரு பார்வை பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். சந்தையில் இலையை இறக்கினோம். உப்பளத்துக்குப் போகும் வழியில், திரேஸ்புரம் கடற்கரைப் பக்கம் ரேடியேட்டர் கொதித்து மூடியிலிருந்து ஆவி கிளம்பியது. மீன் ஏலம் முடிந்து கூடைகளோடு ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அவர் வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தினார்.

“எறங்குளா. தண்ணி ஊத்தணும். ரேடியேட்டர் கொதிக்கு.”

“நானுந்தான் கொதிக்கேன்” என்றேன்.

கைப்பிடியை முன்னால் தள்ளி, அதன் மேல் கையை வைத்துக்கொண்டேன். அவர் பக்கத்துக் கதவு திறக்காது. என் பக்கத்துக் கதவு நான் கையை எடுத்தால்தான் திறக்கும். மாட்டுக்குத் தண்ணி காட்டப் போகவும் அங்கே மாடு இல்லை.

நான் கேட்டேன்: “இன்னைக்கு கடைசி நாளு. போவட்டா, வேண்டாமா? என்ன சொல்லுதீய?”

அவர் கண்ணாடி வழியே ஆவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் தகரத்தின் மேல் இறங்கியது. எனக்கு முதுகெல்லாம் நனைந்து சீட்டோடு ஒட்டிக்கொண்டது. கூடைக்காரப் பெண் ஒருத்தி எட்டிப் பார்த்து, கதவு திறக்கவில்லையா என்று விசாரித்தாள். ஆமாம், கதவு மக்கர் பண்ணுகிறது என்று அவர்தான் சமாளித்து அனுப்பினார். அவள் போன பிறகு, என்னைப் பார்க்காமலே சொன்னார்:

“நீ போயிட்டா கதவ யாருளா பூட்டுவா?”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. இரண்டு வருடம் இலைக்கட்டுக்குக் காவல் நின்றது, பதினைந்து நாள் தேதியை எண்ணியது எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துகொண்டது.

“அப்ப நான் உங்களுக்கு ஒரு பூட்டுதானா?” என்று கேட்டேன். குரல் உடைந்துவிட்டது. அது எனக்கு இன்னும் அவமானமாக இருந்தது.

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். ஆவி மெல்ல அடங்கியது. அவ்வளவுதான், வேலை போயிற்று என்று நான் மனசுக்குள் முடிவே கட்டிவிட்டேன். அப்போது அவர், “தண்ணி ஊத்தணும்ளா” என்றார். கொஞ்சம் பொறுத்து, “ஊத்துனாத்தான் கீழவைப்பாரு வரைக்கும் வண்டி போவும்” என்றார்.

கைப்பிடியைப் பின்னால் இழுத்தேன்.

அன்று உப்பு ஏற்றவில்லை. வெறும் வண்டி வடக்கே போனது. பள்ளியின் மதியமணி அடித்துக் கொஞ்ச நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். தலைமையாசிரியர் சான்றிதழ்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, பதிவேட்டில் கையெழுத்துப் போடச் சொன்னார். அவசரமாகப் போட்டதில் என் பெயரே எனக்குக் கோணலாகத் தெரிந்தது. வெளியே வந்தபோது இவர் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். உள்ளே வந்திருக்கலாமே என்றேன். சாவி உன்னிடம் அல்லவா இருக்கிறது என்றார்.

திங்கட்கிழமை காலை, தூத்துக்குடி பஸ் ஸ்டாண்டில் என்னை இறக்கிவிட வந்தார். கொத்திலிருந்து வண்டிச் சாவியைக் கழற்றிக் கொடுத்தேன். எப்படிப் பூட்ட வேண்டும் என்று கடைசியாக ஒரு தடவை காட்டினேன். மூன்று தடவை முயன்றார், மூன்று தடவையும் வழுக்கியது. பஸ் புறப்பட்டுவிட்டது. சனிக்கிழமை மத்தியானம் திரேஸ்புரம் ஒர்க்ஷாப்பில் வண்டி நிற்கும், அங்கே வந்துவிடு என்று ஜன்னலுக்குக் கீழே நடந்துகொண்டே சொன்னார்.

அந்த வாரம் அறுபது பிள்ளைகளும் கடற்காற்றும் சாக்பீஸ் தூளுமாக ஓடியது. நான் சந்தோஷமாக இருந்தேன், அதை மறைப்பானேன். நடுநடுவே, இந்த மனிதர் கதவைப் பூட்டாமல் விட்டு வண்டியைப் பறிகொடுத்துவிடுவாரோ என்ற கவலை மட்டும் வந்தது.

சனிக்கிழமை நான் ஒர்க்ஷாப் தெருமுனையில் திரும்பும்போது எங்கள் வண்டி அப்போதுதான் வந்து நின்றது. என்னை அவர் பார்க்கவில்லை. வலது கதவு திறந்தது. எல்லா டிரைவர்களையும் போல அந்தப் பக்கமாக இறங்கினார். சுற்றி வந்து இடது கதவைத் திறந்து, உள்ளே எட்டி வலது கதவைப் பூட்டிவிட்டு, இடது கதவைச் சாத்தினார். இடது கையால் கைப்பிடியை லேசாகத் தூக்கினார். சாவியை நுழைத்தார், பின்னால் ஒரு நூல், முன்னால் ஒரு திருப்பு. ஒரே தடவையில் பூட்டிக்கொண்டது. சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எதிர்த்த கடைக்கு டீ குடிக்கப் போனார்.

நான் மெக்கானிக்கிடம் போய், கைப்பிடி எப்போது கிடைத்தது என்று கேட்டேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே, பலகையில் இருந்த ஒரு தகர டப்பாவைக் காட்டினார்.

“அது ரெண்டு வருசமா இந்த டப்பாவுலதான கெடந்துச்சு அக்கா. அஞ்சு நிமிச வேல. அண்ணாச்சிதான் இப்ப மாட்டாண்டாம், கெடக்கட்டும்னு சொல்லிட்டாவ. இந்தச் செவ்வாக்கெழமதான் வந்து மாட்டச் சொன்னாவ.”

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். இரண்டு வருடம் வெயிலில் நின்று இலைக்கட்டு எண்ணியிருக்கிறேன். பூட்டத் தெரியாது என்று நடித்து என்னை இழுத்தடித்திருக்கிறாரே என்று பல்லைக் கடித்தேன். பிறகு, எட்டுப் பேர் இருந்த அந்த வீடும், ஊர் எல்லையைத் தாண்டியதும் அவிழ்கிற அந்தப் பேச்சும் நினைவுக்கு வந்தன. கதவை யார் பூட்டுவார் என்று அவர் கேட்டது எதை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒர்க்ஷாப் வாசலில், எண்ணெய்ச் சகதிக்கு நடுவில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அவர் டீக்கடையிலிருந்து வந்தார். உப்பு ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். வழியெல்லாம் அறுபது பிள்ளைகளைப் பற்றி ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தார்.

வீட்டு வாசலில் வண்டி நின்றது. மாமியார் நடையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் இடது பக்கமாக இறங்கினேன். இவர் பக்கத்துக் கதவில் புதிதாக மாட்டிய கைப்பிடி இருந்தது. அதை அவர் தொடவில்லை. எப்போதும் போல சீட்டில் நகர்ந்து வந்து, எனக்குப் பின்னால் இடது பக்கமாகவே இறங்கினார். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“பூட்டுளா” என்றார்.

நான் பூட்டினேன்.