ஐந்து மணி அடுப்பு

என் மகளுக்கு மூச்சிரைப்பு என்று தெரிந்த நாளிலிருந்து எங்கள் வீட்டு வானிலை இலாகா என் கைக்கு வந்துவிட்டது. யாரும் கொடுக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். அதியமான்கோட்டையில் கார்த்திகை பிறந்தால் பகலில் சட்டையைக் கழற்றச் சொல்லும் வெயில், விடியற்காலையில் பல் கிட்டிப்போகும் குளிர். இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு அந்த ஒன்பது வயது நெஞ்சு விசில் அடிக்கும். நான் சும்மா இருப்பேனா? தடை உத்தரவு போட ஆரம்பித்தேன்.

தயிர் கூடாது. கொய்யா கூடாது. சீத்தாப்பழம் இருக்கும் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது. மின்விசிறி இரண்டாம் நம்பரைத் தாண்டக் கூடாது. பள்ளி வேனில் ஜன்னலோரம் கூடவே கூடாது. வாழைப்பழத்தில் கைவைத்தபோதுதான் என் மனைவி வாயைத் திறந்தாள்.

"ஏங்க, மூச்சாவது வுடலாமா? இல்ல அதுவும் கூடாதா?"

எனக்குக் காது கேட்கவில்லை. சில நேரங்களில் அப்படி ஆகும்.

ஆனால் என் நிர்வாகத்தின் உச்சம் அடுப்புதான். வீட்டுக்குப் பின்னால், குளியலறைச் சுவரை ஒட்டி மூன்று கல், அதன்மேல் ஓர் அண்டா. மாசி முடியும்வரை தினமும் ஐந்து மணிக்கு எழுந்து நானே தண்ணீர் காய வைப்பேன். விறகு ஈரமாக இருந்தாலும் ஒரு துண்டு சைக்கிள் டியூபைச் செருகிப் பற்றவைத்தால் குப்பென்று பிடித்துக்கொள்ளும். அந்த வித்தையில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. பிறகு மகளை எழுப்பி, குரங்குக் குல்லா மாட்டி, அடுப்புக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்காரவைப்பேன். "நல்லா குளிர் காயி கண்ணு, நெஞ்சுல சளி கட்டாது" என்பேன். அவளும் தண்ணீர் கொதிக்கும்வரை சமர்த்தாக உட்கார்ந்திருப்பாள். பால் ஊற்ற வரும் அம்மா தினமும், "பொண்ணுக்காக எந்த அப்பன் இந்நேரத்துக்கு எந்திரிக்கிறாங்க?" என்பார். நான் இன்னொரு கட்டையைத் தள்ளிவைப்பேன்.

தர்மபுரியில் நாங்கள் பார்க்கும் குழந்தை மருத்துவர் தினமும் இழுக்க ஒரு மருந்தும், ஊதிப் பார்க்க ஒரு பிளாஸ்டிக் குழாயும் கொடுத்திருந்தார். பலம்கொண்டமட்டும் ஊதினால் உள்ளே ஒரு முள் நகர்ந்து எண்ணைக் காட்டும். நானும் ஊதிக் காட்டினேன். பாதியில் இருமல் வந்துவிட்டது. "அப்பா சுமார்" என்றாள் மகள். காலையும் மாலையும் எண்ணை ஒரு நோட்டில் குறிக்க வேண்டும், குளிரா வெயிலா என்று எழுத வேண்டும், எண் இறங்கினால் காரணமும் எழுத வேண்டும். ஜனவரியில் அரூரில் கோ-கோ போட்டி. பள்ளி அணியில் அவளும் இருந்தாள். "நோட்டப் பாத்துட்டுதான் ஆட வுடுவேன். காலைல நம்பர் இறங்கிட்டே இருந்தா கஷ்டம்" என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அந்த நோட்டு அவள் தலையணைக்கு அடியில்தான் தூங்கியது.

மாலையில் எண் நன்றாக இருக்கும். காலையில் இறங்கிவிடும். காரணம் என்ற இடத்தில் தினமும் 'தெரியல' என்று எழுதிவைத்தாள். எனக்குத் தெரியுமே! பக்கத்திலேயே நான் எழுதினேன்: கொய்யா. மறுநாள்: ஃபேன். அதற்கடுத்த நாள்: அவள் அம்மா கொடுத்த தயிர்சாதம்.

அரையாண்டு விடுமுறையில் ஐந்து நாள் அரூரில் என் மைத்துனி வீட்டில் இருந்துவிட்டு வந்தாள். நோட்டைப் பார்த்தால், அதே குளிர், ஆனால் ஒரு காலையிலும் எண் இறங்கவில்லை. என் பத்தியம் வேலை செய்கிறது என்று நெஞ்சை நிமிர்த்தினேன். அப்புறம்தான் குட்டு வெளிப்பட்டது. ஐந்து நாளும் ஐஸ்கிரீம். மைத்துனிக்கு உடனே போன் போட்டுக் கத்தினேன்.

"இங்க அஞ்சு நாளும் நல்லாத்தான் ஓடியாடிட்டு இருந்தா மாமா. உங்க வூட்டுக்கு வந்தா மட்டும் இழுக்குதுன்னா நாங்க என்னங்க பண்ணறது?" என்றாள் அவள். வாய் அதிகம் அவளுக்கு.

திரும்பி வந்த இரண்டாம் நாள் காலையிலேயே மகளுக்கு இழுத்தது. விலாவெல்லாம் உள்ளே போய்ப்போய் வந்தது. மருந்து கொடுத்து, அது அடங்குவதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது. தின்ற ஐஸ்கிரீம் இப்போதுதான் வேலையைக் காட்டுகிறது என்று தீர்ப்பு எழுதி, நோட்டைச் சாட்சியாக எடுத்துக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு மருத்துவரிடம் போனேன்.

அவர் பக்கங்களைப் புரட்டினார்.

"அரூர்ல குளிக்கத் தண்ணி எப்படிங்க காய வெக்கறாங்க?"

"கீசருங்க மேடம்."

"உங்க வூட்ல?"

விவரமாகச் சொன்னேன். ஸ்டூல், குல்லா, சைக்கிள் டியூப், எதையும் விடவில்லை. பாராட்டப்போகிறார் என்றே நினைத்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"பகல்ல சூடு, விடியக்காலைல குளிரு. இந்த மாத்தமே பிள்ளைங்க மூச்சுக் குழாயச் சுருக்கும். அத மருந்து பாத்துக்கும். ஆனா குளிர்ல புகை மேல போகாது, கீழயே நிக்கும். அந்தப் புகைக்கு முன்னாடி, ரப்பரையும் கொளுத்தி, தினமும் உக்கார வெச்சிருக்கீங்க. ஐஸ்கிரீம ஏங்க திட்டறீங்க?"

முடிவைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் உங்களுக்கு மனசு கேட்காது. அடுப்பை நிறுத்தினோம், எண் ஏறியது, அரூரில் ஆடினாள், அணி தோற்றது. ஆனால் அன்று அந்த அறையில் நடந்த இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மருத்துவர் நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒவ்வொரு 'தெரியல'வுக்கும் அடியில் பென்சிலால் எதையோ எழுதி அழித்த தடம் இருந்தது.

"என்ன எழுதி அழிச்ச?"

மகள் என்னைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். "புகைன்னு, மேடம்."

"தெரிஞ்சுமா சொல்லல?"

"அப்பா எனக்காகத்தான் அஞ்சு மணிக்கே எந்திரிக்கிறாரு. சொன்னா பாவம்."

"அப்ப போட்டி?"

"அது அடுத்த வருசம் ஆடிக்கலாம்."

எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. அதை மறைக்க, தூசி என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தேன். மகள் தலையை நிமிர்த்தாமலே, "ஆமாங்க மேடம், தூசிதான்" என்றாள்.