நித்திரை

பிரேமளா டீச்சருக்குத் தூக்கம் என்ற சொல் வாயில் வராது. அப்பா மலேசியாவின் சிகாமட் ரயில் நிலையத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்தவர். அந்த வீட்டில் யாரும் தூங்கியதில்லை. நித்திரைதான் கொண்டார்கள்.

தமிழ்ப்பள்ளியின் பாலர் வகுப்புக்கு ஆசிரியையாக வந்த பிறகும் பேச்சு மாறவில்லை. பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டு வீட்டில் "வாங்கோ, சாப்பிடுங்கோ" என்பார்கள். பெற்றோர் பெரும்பாலும் எஸ்டேட்டிலிருந்து பட்டணத்துக்கு வந்தவர்கள். டீச்சர் பேசுவது என்ன தமிழ் என்று முதலில் சிரித்தார்கள். ஒரு மழைக்காலத்தில் பள்ளிக்குள் புகுந்த வெள்ளம் வடிந்த மறுநாள் அவர் வெறுங்காலோடு வகுப்பறைச் சேற்றை அள்ளியதைப் பார்த்த பிறகு சிரிப்பில் மரியாதை சேர்ந்துகொண்டது.

மதியத்தோடு முடியும் வகுப்பை மாலை நான்கு வரை நீட்ட வேண்டும் என்று அவர் ஆண்டுக்கணக்காகக் கேட்டுவந்தார். இந்த ஆண்டு சோதனையாக அனுமதி கிடைத்தது. அன்று பள்ளி வாசலில் ஒரு பிள்ளையின் அம்மா லோஷினி நிம்மதியில் அழுதுவிட்டாள். கணவன் இல்லை. கையுறைத் தொழிற்சாலை வேலையும் மகள் கவிநயாவும்தான். மகளை அழைக்கத் தினமும் மதியம் மோட்டார் சைக்கிளில் ஓடி வருவதை இனிப் பொறுக்க முடியாது என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். மகளா வேலையா என்ற கேள்வி அன்று தீர்ந்ததாக அவள் நினைத்தாள்.

தலைமையாசிரியர் நிபந்தனை வைத்தார். "பாதிப் பிள்ளைங்களாவது நாலு மணி வரைக்கும் இருக்கணும் டீச்சர். இல்லன்னா பள்ளி விடுமுறைக்கு அப்புறம் பழையபடி மதியத்தோட முடிச்சிருவோம்."

முதல் நாள் சாப்பாட்டுக்குப் பின் பாய்கள் விரிக்கப்பட்டன. போர்வைகளை டீச்சரே தைத்திருந்தார். தூய வெள்ளை. அழுக்குப் பட்டால் தெரியும், கொதிக்க வைத்துத் துவைக்கலாம். பிள்ளைகள் வரிசையாகக் கண்ணயர்ந்தார்கள். அவருக்கு மனம் நிறைந்தது. படம் எடுத்துப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். கீழே எழுதினார்: "பிள்ளைகள் எல்லோரும் அமைதியாக நித்திரை."

முதல் அழைப்பு ஒரு பையனின் அப்பா, செம்பனைப் பழக்குலை லோரி ஓட்டும் ரூபேந்திரனிடமிருந்து வந்தது.

"என்ன டீச்சர் இது? யோங் பெங் டவுன்கிட்ட லோரிய ஓரங்கட்டி நிக்கிறேன் லா."

"ஏன், என்ன நடந்தது?"

"அத நீங்கதான் சொல்லணும்! வெள்ளைத்துணி போத்தி வரிசையா கெடத்தியிருக்கீங்க. கீழ நித்திரைன்னு வேற எழுதியிருக்கீங்க. பேப்பர்ல செத்தவங்க படம் போட்டு மீளா நித்திரைன்னு எழுதுவாங்களே, அது மாதிரி!"

மறுநாள் மதியமே பிள்ளைகளை அழைத்துப்போக வாசலில் மோட்டார் சைக்கிள்கள் நின்றன. ஒருத்தி சொன்னாள்: "எம்புள்ளைக்கு வீட்டுல பூப்போட்ட போர்வை இருக்கு டீச்சர். உசுரோட தூங்கட்டும்." அந்த வாரம் முடிவதற்குள் மதியத்துக்குப் பிறகு வகுப்பில் மிஞ்சியது கவிநயா மட்டும். அவளுக்குப் போக இடமில்லை.

வெறும் பாய்களுக்கு நடுவே அவள் விழித்துக்கொண்டு கிடந்தாள். டீச்சர் பக்கத்தில் படுத்து இன்னொரு போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். உதவியாளர் மலர் உள்ளே வந்து நின்றாள்.

"எந்திரிங்க டீச்சர். வெள்ளைத்துணியில ஒண்ணு ரெண்டாயிடுச்சி."

டீச்சர் சிரித்தார். பிறகு எழுந்து உட்கார்ந்து, தான் தைத்த துணியைச் சற்று நேரம் பார்த்தார். இதற்குள் கவிநயா வெள்ளைப் போர்வையை உதைத்துத் தள்ளிவிட்டுப் பையிலிருந்து பூ அச்சிட்ட ஒரு பழைய பாத்தேக் கைலியை எடுத்தாள். முகத்தில் போட்டுக்கொண்டாள்.

"யாருடைய கைலி பிள்ளை?"

"அம்மாது. ராத்திரி கட்டியிருந்தாங்க."

கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டாள்.

மறுநாள் மதியம், பிள்ளைகளை அழைத்துப்போக வந்தவர்கள் முன்னால் டீச்சர் நின்றார். "வெள்ளை என்ர பிழை. எனக்கு விளங்கேல்லை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ. இனி அந்தத் துணி வராது. நீங்கள் கட்டின கைலி ஒண்டு குடுத்துவிடுங்கோ. துவைக்காமல்."

"துவைக்காமலா? அலமாக், மானம் போயிரும் டீச்சர்!"

சிரித்தார்களே தவிர யாரும் கொடுக்கவில்லை. அவர் மாலைகளில் வீடு வீடாகப் போனார். நேர்ந்ததை எந்த வீட்டிலும் மழுப்பவில்லை. தன் பிழையை முதலில் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார். சில வீடுகளில் மைலோ கலக்கிக் கொடுத்தார்கள். ஒரு வீட்டில் கதவைத் திறக்கவில்லை. அந்த வீட்டுக்கு மறுநாளும் போனார்.

ரூபேந்திரன் வாசலிலேயே கையை விரித்தான். "எம்பொண்டாட்டி சிங்கப்பூர்ல வேல செய்றா டீச்சர். சனிக்கிழமதான் வருவா. அவ துணியெல்லாம் துவைச்சி மடிச்சி இருக்கு."

"உங்கட கைலியைத் தாங்கோ."

"டீசல் நாறும்."

"நாறட்டும். உங்கட மகனுக்கு அதுதானே வீட்டு வாசம்."

அவன் உள்ளே போய்க் கொடியிலிருந்து உருவிக்கொண்டு வந்தான்.

விடுமுறைக்கு முந்திய வாரம் தலைமையாசிரியர் மதியம் வகுப்பறைக்கு வந்தார். தரையெங்கும் நிறம். கட்டம் போட்டவை, பூப்போட்டவை, ஒரு பழைய புடவை, ஒரு தொழிற்சாலைச் சட்டை. அறையில் தேங்காயெண்ணெயும் வியர்வையும் மசாலாவும் கலந்த வாடை. நாலைந்து பாய்கள்தான் காலி. அவர் மூக்கைச் சுருக்கினார்.

"என்ன டீச்சர், சலவைக்குப் போடாத அழுக்குத்துணிக் கூடை மாதிரி இருக்கு?"

"மெதுவாக் கதையுங்கோ சார்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "சரி. நாலு மணியே இருக்கட்டும்."

அவர் போன பிறகு டீச்சர் படம் எடுத்தார். நித்திரை என்று எழுதி, அழித்தார். "தூங்குறாங்க" என்று எழுதினார். அந்தச் சொல் விரலுக்குப் புதிது.

ரூபேந்திரன் உடனே கேட்டிருந்தான்: "இதுல எம்பையன் எங்க டீச்சர்?"

"வாசத்தைப் பிடிச்சுக்கொண்டு வாங்கோ."

குழுவில் சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக வந்தன. லோஷினியிடமிருந்து மட்டும் எதுவும் வரவில்லை. அவள் கைப்பேசி தொழிற்சாலை லாக்கரில் இருந்தது. அவள் வேலையில் இருந்தாள்.