நாலாவது வண்டியின் இருக்கை

மீன் வெட்டும்போது நான் இருப்பது ஒரு சிவப்பு ரெக்சின் இருக்கையில். ஒரு பலகைப் பெட்டியின் மேல் பிணைச்சல் வைத்துப் பூட்டியது; முன்பக்கத்துக் கொளுக்கியைக் கழற்றித் தூக்கினால் மூடி போலத் திறக்கும். ஓரத் தையல் என்னுடையது. இத்தனை வருடமாக உப்புத் தண்ணீர் பட்டும் ஒரு நூல் விடவில்லை. யாழ்ப்பாணக் கடற்கரையில், குருநகரில் எங்கள் ஒழுங்கைக்குப் புதிதாக வருகிறவர்கள், “உதென்ன, ஓட்டோச் சீற்றோ?” என்று கேட்பார்கள். ஓட்டோ இல்லை, மீன் வண்டி என்பேன். அதற்கு மேல் சொல்வதற்கு நேரம் வேண்டும். இப்போது எனக்கு நேரம் இருக்கிறது. என் படிப்பு இரண்டாம் வகுப்போடு நின்றது. அவசரப்படாமல் எழுதினால் எனக்கும் எழுத வரும்.

சண்டை முடிந்து சில வருடம் போக, சாவகச்சேரிக்குப் போகிற பெரிய தெருவோரம் ஒரு முதலாளி தகரக் கொட்டகை போட்டு வண்டி செய்யத் தொடங்கினார். மூன்று சில்லு வண்டி. முன்னுக்கு ஓட்டுகிறவருக்கு ஓர் இருக்கை, பின்னுக்கு மீன் பெட்டி அடுக்க ஒரு தொட்டி. இஞ்சின் மட்டும் இந்தியாவிலிருந்து கப்பலில் வரும். மற்றதெல்லாம் இங்கேயே வெட்டி, வளைத்து, ஒட்டிப் பெயின்ற் அடிப்பது. அதுவரை நான் வள்ளங்களுக்குப் படங்கு தைத்துக்கொண்டிருந்தவள். தடித்த துணியில் ஊசி ஓட்டத் தெரிந்த பெண் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். என் தையலை இழுத்துப் பார்த்து என்னை வேலைக்கு எடுத்தவர் போமன், கொட்டகை வேலையாட்களுக்கு மேலாள்.

போமன் தென்மராட்சி ஆள். என்னைவிட வயது குறைந்தவர். காலையில் திருநீறு, காதில் பென்சில், இடது பெருவிரல் நகம் எப்போதோ அடிபட்டுக் கறுத்தபடி. தகட்டைக் கையால் தடவமாட்டார்; விரல் மொழியால் தட்டிச் சத்தத்தைக் கேட்பார். கொட்டகையில் முப்பது பேர் இருந்தோம். எல்லாருக்கும் அவர் போமன் அண்ணை, எனக்குத் தம்பி. மத்தியானம் நான் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்ததும் மூக்கைப் பொத்துவார். “அக்கா, நீங்கள் மூடியைத் திறந்தால் சாவகச்சேரியே குருநகராப் போகுது.” நானும் விடமாட்டேன். “உம்மடை கத்தரிக்காய்க்கு மணமும் இல்லை, மானமும் இல்லைத் தம்பி.” அவர் விரதம் பிடிக்கிற வெள்ளிக்கிழமைகளில் மட்டும் நான் தள்ளிப் போய் இருந்து சாப்பிடுவேன். அதை அவர் கவனிப்பார்.

அந்த வண்டியில் இஞ்சின் இருப்பது இருக்கைக்குக் கீழே. அதனால் ஒவ்வோர் இருக்கையும் திறந்து மூடக்கூடியதாக இருக்கவேண்டும். இதை நான் சொல்லுவதற்குக் காரணம் பின்னால் வரும்.

வண்டி நன்றாகத்தான் ஓடியது. பிழை தொட்டியில். மீன் பெட்டியிலிருந்து வடியும் உப்புத் தண்ணீருக்கு அந்த மெல்லிய தகடு காணாது. ஒரு மாரி கழிய அடி துருவேறி, கறள் பிடித்து உக்கிவிடும். வாங்கினவர்கள் வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்து முற்றத்தில் நிறுத்திவிட்டுப் பேசாத பேச்செல்லாம் பேசினார்கள். போமன் முதலாளியிடம் தடித்த தகடு கேட்டார். “தடிச்சது போட்டால் விலை ஏறும். பேந்து ஆர் வாங்கிறது?” என்றார் முதலாளி. அடுத்த மாரிக்கும் போமன் கேட்டார். அதே பதில்தான்.

பிறகு நாட்டில் டொலர் இல்லை என்ற காலம் வந்தது. பெற்றோலுக்கு வரிசை, காஸுக்கு வரிசை. வெளிநாட்டுச் சாமான் இறக்க அனுமதி இல்லை என்றார்கள். இஞ்சின் வருவது நின்றுபோனது. கொட்டகையில் வண்டிகள் கண்ணில்லாத மீன் மாதிரி வரிசையாகக் கிடந்தன. முதலாளி அரசாங்கத்திடம் உதவி கேட்டு எழுதினார். கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி பார்க்க வருவதாகப் பதில் வந்தது.

அந்த நாட்களில் மத்தியானச் சாப்பாட்டில் வேறு கதை இல்லை. பெயின்ற் அடிக்கிறவர், “பெரிய பெரிய கொம்பனி விழேக்கை எல்லாம் தூக்கி விடுறாங்கள். எங்களைத் தூக்கினால் என்ன முதுகு முறிஞ்சு போமோ?” என்றார். எனக்கு அது சரியாகப் படவில்லை. “என்ரை அண்ணையின்ரை வள்ளம் கல்லுப் பாரிலை அடிச்சுப் பலகை பலகையாப் போச்சு. ஆர் வந்து தூக்கினது? அரசாங்கத்தின்ரை காசெண்டால் ஆகாயத்திலை இருந்து விழுகிறதே? நான் வாங்கிற நெருப்புப் பெட்டியிலையும் அவங்கள் வரி எடுக்கிறாங்கள்” என்றேன். “அப்ப வேண்டாமெண்டு சொல்லுங்கோ, அக்கா. நாளைக்கு எல்லாரும் வீட்டை போவம்” என்று அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மருமகன் வள்ளத்தை விற்றுவிட்டு வேலையில்லாமல் இருந்தார். மகள் வீட்டு உலை என் சம்பளத்தில்தான் கொதித்தது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

போமன் தண்ணீர்ப் போத்தலை மூடிவிட்டுச் சொன்னார்: “இஞ்சின் வராதது அரசாங்கத்தின்ரை பிழை. தகடு உக்கிறது எங்கடை பிழை. கேட்கிறதெண்டால் ரெண்டையும் சொல்லிக் கேட்கோணும். ஒண்டை மறைச்சுக் கேட்டால் அது உதவியில்லை, ஏமாத்து.” அவர் அப்படித்தான். தகட்டில் தட்டுவது போல மனிதர் மேலும் தட்டிவிட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

அதிகாரி வருவதற்கு முதல் நாள் முதலாளி எங்கள் எல்லாரையும் கூப்பிட்டார். பதினொரு வண்டி வரிசையில் நின்றன. இஞ்சின் இருந்தது மூன்றுக்குத்தான். அந்த மூன்றும் முன்னுக்கு நிற்கவேண்டும். மிச்சத்துக்கு இருக்கை போட்டு, துடைத்து, மினுக்கி விடவேண்டும். கேட்டால் எல்லாம் ஓடத் தயார், கைச்செலவுக்குக் காசு மட்டும்தான் தட்டுப்பாடு என்று சொல்லவேண்டும். முக்கால்வாசி வண்டி வெறுங்கூடு என்று தெரிந்தால் காசு தரமாட்டார்கள், கதவைப் பூட்டச் சொல்லுவார்கள் என்றார். அன்று பின்னேரம் வரை நான் எட்டு இருக்கை பூட்டினேன். கீழே ஒன்றுமில்லாத கூட்டின் மேல் என் நல்ல தையல்.

அடுத்த நாள் அதிகாரி வந்தார். நரைத்த தலை, தமிழ் கதைக்கிறவர், அமைதியான மனிதர். முதல் மூன்று வண்டியையும் திறந்து பார்த்தார். முதலாளி அவரைத் தேத்தண்ணிக்குத் திருப்பப் பார்த்தார். அவர் திரும்பவில்லை. நாலாவது வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்று, “இதையும் ஒருக்கா திறங்க” என்றார். போமன்தான் கிட்ட நின்றார். அவருடைய கை கொளுக்கிக்குப் போவதைக் கண்டேன். அவர் திறக்கத்தான் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. மகளின் அடுப்பு கண்ணுக்கு முன்னால் வந்தது. ஒரே எட்டில் போய் அந்த இருக்கையில் ஏறி இருந்துவிட்டேன்.

“ஐயா, இது காலமைதான் பசை போட்டது. இப்ப தூக்கினால் என்ரை தையல் விட்டிடும். சீற்றுப் பலமோ எண்டுதானே பாக்கப் போறியள்? இந்தா, என்னைத் தாங்குது. இதுக்கு மேலை என்ன சாட்சி வேணும்?”

எல்லாரும் சிரித்தார்கள். நான் மெலிந்த மனுஷி இல்லை. அதிகாரியும் சிரித்தார். என்னைப் பார்த்தார், வண்டியின் சில்லைப் பார்த்தார். “சரி அம்மா, நீங்க இருங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அவருடைய கார் தெருவில் ஏறும் வரை நான் அந்த இருக்கையை விட்டு எழும்பவில்லை.

பின்னேரம் பஸ்ஸுக்கு நின்றபோது போமன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். என் அம்மாவைப் பற்றி அவருக்கு நான்தான் சொல்லியிருந்தேன். அம்மா கடற்கரையில் மீன் விற்றவள். வாங்க வருகிறவர் குனிய முதலே தானே செவுளைத் தூக்கிச் சிவப்பைக் காட்டுவாள். பழசாகிய மீன் என்றால் பழசு, குழம்புக்கு ஆகும், பொரியலுக்கு ஆகாது என்று தன் வாயால் சொல்லுவாள். அவளின் மகள் நான் என்று எத்தனையோ தரம் அவருக்குப் பெருமை பேசியிருக்கிறேன். அன்று அவர் அதைத்தான் கையில் எடுத்தார்.

“அக்கா, ஒண்டு கேட்கிறன். உங்கடை அம்மா செவுளைப் பொத்திப் பிடிச்சு மீன் வித்தவவோ?”

எனக்கு முகம் எரிந்தது. “முப்பது வீட்டு அடுப்பு உம்மடை நேர்மையாலை எரியுமோ தம்பி? போம், போய் உம்மடை வேலையைப் பாரும்.”

அவர் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். இரண்டு கிழமை நாங்கள் கதைக்கவில்லை. நான் மூடியைத் திறந்தபோது அவர் மூக்கைப் பொத்தவும் இல்லை.

காசு வந்தது. அன்று கொட்டகையில் வெடி கொளுத்தினார்கள். எல்லாருக்கும் நிலுவைச் சம்பளம் கிடைத்தது. நான் மகளுக்கு அரிசி மூட்டை வாங்கிக்கொண்டு போய் இறக்கினேன். போமனைக் காணும்போதெல்லாம் தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். ஆனால் இஞ்சின் வரவில்லை. இஞ்சின் இறக்க அனுமதி தனியாகக் கேட்கவேண்டுமாம். அதை ஒருவரும் கேட்கவில்லை. எல்லா வண்டியும் தயார் என்று சொன்ன இடத்தில் எப்படிக் கேட்பது? முதலாளி முன்மதில் கட்டினார், பெரிய பெயர்ப்பலகை போட்டார், தன் கந்தோர் அறைக்குக் கண்ணாடிக் கதவு வைத்தார். தகடு அதே மெல்லிய தகடுதான். சில மாதத்தில் சம்பளம் பிந்தத் தொடங்கி, பிறகு பாதியானது.

அப்போது போமன் என்னிடம் வந்தார். “அக்கா, அந்த அதிகாரி கச்சேரிக்கு வந்திருக்கிறாராம். நான் போறன். நீங்களும் வாருங்கோ. அந்தச் சீற்றிலை ஏறி இருந்தது நீங்கள்தானே.” கோபமாகச் சொல்லவில்லை. கூடப் போனேன்.

மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் அதிகாரி எங்களைக் கதிரையில் இருத்தினார். போமன் இரண்டு பிழையையும் சொன்னார், அன்று சாப்பாட்டில் சொன்ன மாதிரியே. எட்டு வண்டி வெறுங்கூடு என்றும் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டு, “மறைச்சது நான்தான் ஐயா” என்றேன்.

“எனக்கு அன்றைக்கே தெரியும், அம்மா” என்றார் அவர். “இஞ்சின் பாரம் இல்லாத வண்டி உயர்ந்து நிக்கும். நீங்க ஏறி இருந்த பிறகும் அது முன்னுக்கு நின்ற வண்டி அளவுக்கு இறங்கல்ல.”

“தெரிஞ்சும் ஏன் ஐயா விட்டனீங்கள்?”

“முப்பது குடும்பம். உங்கட முகத்தைப் பார்த்தேன். பூட்டுங்க என்று எழுத எனக்கு மனம் வரல்ல.” மேசையில் கிடந்த பைலை மூடிவைத்தார். “ஆனா நான் கண்ணால காணாததை அறிக்கையில எழுத ஏலாது. நீங்க திறந்து காட்டியிருந்தா, எட்டு வண்டிக்கு இஞ்சின் இறக்க அனுமதி குடுங்க, தகடு மாத்தினாத்தான் காசு என்று எழுதியிருப்பேன். அதுக்கு எனக்கு வழி இருந்தது. நீங்க எல்லாம் தயார் என்று சொன்னீங்க. நான் செலவுக்குக் காசு என்று எழுதினேன். இனி இரண்டாம் முறை கேட்டா மேல ஒருத்தரும் காது குடுக்க மாட்டாங்க.”

வெளியே வந்தோம். வெயில் கொளுத்தியது. போமன் என்னைக் கடைக்குக் கூட்டிப் போய்த் தேத்தண்ணி வாங்கித் தந்தார். அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை பிடித்திருப்பேன், மனம் ஆறியிருக்கும். “தம்பி, கொட்டகையைப் பூட்டிப் போடுவாங்களோ?” என்றேன். “பூட்டுவாங்கள் அக்கா” என்றார். “நீர் அண்டைக்குத் திறக்கத்தானே கை வைச்சனீர்?” “ஓம். ஆனால் நீங்கள் ஏறி இருந்த உடனை எனக்கும் கொஞ்சம் நிம்மதியாத்தான் இருந்தது. அதுதான் பின்னேரம் உங்களிலை பாய்ஞ்சனான்.” அதைச் சொல்லிவிட்டுத் தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தார்.

ஒரு மாரி தாண்ட முதல் கொட்டகை பூட்டப்பட்டது. பெயர்ப்பலகை மட்டும் கன நாள் புதுசாக நின்றது. சாமான்களை ஏலத்தில் விற்றார்கள். சில கிழமை கழிய போமன் ஒரு பின்னேரம் பஸ்ஸில் குருநகருக்கு வந்தார், மடியில் ஒரு பெட்டியோடு. நாலாவது வண்டியின் இருக்கையை ஏலத்தில் எடுத்துப் பலகைப் பெட்டியில் பூட்டியிருந்தார். “மீன் வெட்டேக்கை குந்தி இருந்து முழங்கால் நோகுதெண்டு சொல்லுவியள். இதிலை இருங்கோ” என்றார். வீட்டில் அன்று மீன்தான் இருந்தது, நாள் வெள்ளிக்கிழமை. வெறும் தேத்தண்ணியோடு போனார். பிறகு மன்னாரில் மகளோடு இருந்தார். போன வருடம் அங்கேயே மோசம் போனார் என்று அறிந்தேன். செத்தவீட்டுக்கு என்னால் போக முடியவில்லை.

அரசாங்கம் விழுகிற கொம்பனியைத் தூக்கலாமா என்று இன்றைக்கும் பேப்பரில் போடுகிறார்கள், ரேடியோவில் கதைக்கிறார்கள். அந்த வருடம் எங்கள் முப்பது வீடும் பட்டினி கிடக்கவில்லை. அதை நான் பிழை என்று சொல்லமாட்டேன். அந்த அரிசியைத் தின்றவள் நான். ஆனால் அந்தக் காசு எங்கள் அண்ணைமாரின் காசும்தான், வள்ளம் உடைந்தபோது ஒருவரும் தூக்காதவர்களின் காசு. அதை வாங்குகிறவன் தன் செவுளைத் தானே தூக்கிக் காட்டவேண்டும். கொடுக்கிறவர் கண்டும் காணாதவர் போல இரக்கப்பட்டால் அந்த இரக்கம் மதிலாகவும் கண்ணாடிக் கதவாகவும் போய்விடும். அந்த அதிகாரி நல்ல மனிதர். அன்று அவர் என்னை எழும்பச் சொல்லியிருக்கலாம் என்று இப்போதும் நினைப்பேன். நானே எழும்பியிருக்கலாம் என்று அதைவிடக் கூடுதலாக நினைப்பேன்.

போன கிழமை பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்த பிள்ளை பாரை மீன் வெட்டித் தரச் சொல்லி வந்தாள். நான் வெட்டும் வரை பார்த்துக்கொண்டு நின்றவள், “ஆன்ரி, உந்தச் சீற்றுக்குக் கீழை என்ன வைச்சிருக்கிறியள்?” என்று கேட்டாள். கத்தியைக் கீழே வைத்தேன். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பினேன். கொளுக்கியைக் கழற்றி இருக்கையைத் தூக்கிக் காட்டினேன். உள்ளே ஊசி, நூல், செதில் சுரண்டி. அடியில் போமன் வெட்டிப் போட்ட தகடு. அவர் கேட்டுக் கேட்டுக் கிடைக்காத அந்தத் தடித்த தகடு. ஈரச் சுரண்டியிலிருந்து நாளாந்தம் அதில் மீன் தண்ணீர் வடிகிறது. கறள் இல்லை.